2010-இல் ரோட்டா தடுப்பூசியில் கண்டது வைரஸா, வெறும் துண்டா?

மரபுவரி:
உயிரிமருந்துகளின் தூய்மை பற்றிய முந்தைய இழையில் நுண்ணோக்கி அவர்கள் ஒரு வரி எழுதிவிட்டுப் போனார்: “2010-இல் ரோட்டாரிக்ஸில் மரபணு வரிசைப்படுத்தல் கண்டது வெறும் டிஎன்ஏ துண்டுகளே, இல்லாத தீக்கு மணி அடித்தார்கள்.” படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. வைரஸ் ஆய்வாளர் எரிக் டெல்வார்ட்டின் குழு, ரோட்டாரிக்ஸ் என்ற அந்த ரோட்டா வைரஸ் தடுப்பூசியில் கண்டது பன்றிச் சர்க்கோவைரஸ் 1 என்ற, பன்றிகளில் வாழும் மிகச் சிறிய வைரஸ். அதன் மரபுத்தொகுதி 1759 எழுத்துகள் மட்டுமே கொண்டது. அது முதன்மை செல் வங்கியிலேயே, அதாவது தடுப்பூசி தயாரிக்க எடுக்கும் செல்களின் மூல இருப்பிலேயே, இருந்தது என்று தயாரிப்பு நிறுவனமே பின்னர் உறுதிசெய்தது. அப்படியானால், மருந்து உருவான தொடக்க நாள்களிலிருந்து அத்தனை சோதனைகளையும் அது கடந்து வந்திருக்கிறது. இதைத் துண்டு என்று எப்படிச் சொல்ல மனம் வந்தது?

நுண்ணோக்கி:
செல் வளர்ப்புக் குடுவைகளோடு வாழ்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். வரிசைப்படுத்தும் எந்திரம் வைரஸைப் பார்ப்பதில்லை, டிஎன்ஏ, ஆர்என்ஏ என்ற நியூக்ளிக் அமிலத்தைப் பார்க்கிறது. செத்த வைரஸும் உயிருள்ள வைரஸும் அதன் கண்ணுக்கு ஒன்றுதான். டிஎன்ஏ கிடைத்தது, அவ்வளவே. துண்டு என்றேன், துண்டுதான்.

இளம்ஆய்வர்:
இருவரும் “துண்டு” என்பதற்கு என்ன பொருள் கொள்கிறீர்கள் என்று முதலில் சொன்னால் என்னைப் போன்றோருக்குப் புரியும். வைரஸின் புரத உறைக்குள் இருக்கும் முழு மரபுத்தொகுதியா, கரைசலில் தனியே மிதக்கும் டிஎன்ஏவா?

மரபுவரி:
பொருள் இருக்கட்டும், நடந்ததைப் பாருங்கள். நுண்ணோக்கி போற்றும் செல் வளர்ப்புச் சோதனையில், 28 நாள் வரை செல்களை வளர்த்து, அவை உருண்டு, குடுவையின் தரையிலிருந்து கழன்று மிதக்கின்றனவா என்று பார்க்கிறார்கள். சர்க்கோவைரஸோ தான் குடியிருக்கும் செல்லைக் கலைப்பதில்லை. 1974-இல் பிகே-15 என்ற பன்றிச் சிறுநீரகச் செல் வரிசையில் அது கண்டறியப்பட்டபோதே, செல்களுக்கு வெளியே தெரியும் கேடு எதுவும் இல்லாமல்தான் அது உள்ளே இருந்துகொண்டிருந்தது. அந்தக் குடுவையை 28 நாள் அல்ல, 280 நாள் பார்த்தாலும் ஒன்றும் தெரியாது. குறிப்பிட்ட டிஎன்ஏவைப் பெருக்கிக் காட்டும் பிசிஆர் சோதனையும் எந்த வைரஸைத் தேடச் சொல்கிறோமோ அதை மட்டுமே தேடும். சர்க்கோவைரஸைத் தேட யாருக்கும் தோன்றவில்லை. எதைத் தேடுகிறோம் என்று முன்கூட்டியே தெரியாமலும் தேட முடிந்ததால்தான் வரிசைப்படுத்தல் அதைப் பிடித்தது.

தரக்காவலர்:
பிடிக்கும், ஆனால் இல்லாததையும் பிடிக்கும். 2013-இல், கல்லீரல் அழற்சி நோயாளிகளிடம் கண்டதாகச் சொல்லப்பட்ட ஒரு புதிய வைரஸ், டிஎன்ஏ பிரித்தெடுக்கும் கிட்டிலிருந்த சிலிக்கா வடிகுழாயிலிருந்து வந்தது என்று தெரிந்ததை மரபுவரி ஏன் சொல்வதில்லை? மாதிரியே இல்லாத வெற்றுக் கட்டுப்பாட்டையும் கூடவே ஓட்டாமல் எவரும் முடிவெழுதக் கூடாது.

மரபுவரி:
வெற்றுக் கட்டுப்பாடு வேண்டாம் என்று நான் எங்கே எழுதினேன்? காட்டுங்கள். சென்ற ஆண்டும் நான் சொல்லாததைச் சொன்னதாக எழுதிவிட்டு, கேட்டபோது பதில் தராமல் போனவர் நீங்கள். அதை நான் மறக்கவில்லை. அந்த வடிகுழாய் விவகாரம் வெளிவந்ததும் வரிசைப்படுத்தலைக் கையில் வைத்திருந்தவர்களால்தான்.

நுண்ணோக்கி:
பேச்சு மாறுகிறது. துண்டு பற்றிப் பேசுவோம். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் மார்ச்சில் தடுப்பூசியை நிறுத்திவைக்கச் சொன்னது, மே மாதமே மீண்டும் அனுமதித்தது. மனிதருக்குக் கேடு என்பதற்குச் சான்று இல்லை. பன்றிக்கே அந்த வைரஸ் நோய் தருவதாகத் தெரியவில்லை. இதற்குத்தான் இவ்வளவு ஆர்ப்பாட்டமா?

மரபுவரி:
கேடு இல்லை என்பது வேறு, வைரஸ் இல்லை என்பது வேறு. இந்த இரண்டையும் நீங்கள் மூன்றாம் முறையாகக் கலக்கிறீர்கள். ரோட்டாரிக்ஸில் இருந்த டிஎன்ஏ துகளுக்குள் காக்கப்பட்டிருந்தது. பன்றிச் செல்களில் இட்டபோது தொற்றவும் செய்தது. துண்டு தொற்றுமா? இந்த முறை கேடற்ற வைரஸ் வந்தது நம் நல்வினை. அடுத்த முறை செல் வளர்ப்பில் பயன்படும், பன்றிக் கணையத்திலிருந்து எடுத்த டிரிப்சின் என்ற நொதி வழியாக எது வரும் என்று நுண்ணோக்கியால் உறுதி தர முடியுமா? மாதிரியில் வைரஸ் உண்டா என்று பார்க்கப் பால்குடி எலிக்குட்டிகளுக்கு ஊசி போடும் சோதனையைக் கைவிடவே கூடாது என்று வாதிட்டவரும் இவரே. 2023 நவம்பரில் நிறைவுற்ற ஐசிஎச் க்யூ5ஏ என்ற, உயிரிமருந்துகளின் வைரஸ் பாதுகாப்புக்கான பன்னாட்டு வழிகாட்டியின் இரண்டாம் திருத்தம், விலங்குச் சோதனைகளுக்குப் பதிலாக வரிசைப்படுத்தலை ஏற்கிறது.

தரக்காவலர்:
செல் வளர்ப்புச் சோதனைக்குத் துணையாகவும் வைத்துக்கொள்ளலாம் என்று அதே வழிகாட்டி சொல்வதை விட்டுவிட்டீர்கள்.

மரபுவரி:
துணையாகவோ பதிலாகவோ என்று இருக்கிறது. பாதி வரியைப் படிப்பது உங்கள் பழக்கம்.

இளம்ஆய்வர்:
என் கேள்விக்கு இன்னும் யாரும் நேராகப் பதில் சொல்லவில்லை.

நுண்ணோக்கி:
ரோட்டாடெக் என்ற மற்றொரு ரோட்டா தடுப்பூசியிலும் சர்க்கோவைரஸ் 1, 2 இரண்டின் டிஎன்ஏ கண்டார்கள். அங்கே இருந்தவை துண்டுகள் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகமே சொன்னது. துண்டு என்ற சொல் நான் கண்டுபிடித்ததல்ல.

மரபுவரி:
நீங்கள் எழுதியது ரோட்டாரிக்ஸ் பற்றி. உங்கள் வரி முந்தைய இழையில் இன்னும் அப்படியே இருக்கிறது.

நுண்ணோக்கி:
இருக்கட்டும். அதை நான் மாற்றப் போவதில்லை.