குட்டி யானையில் ஆயில் இன்ஜின் நிக்குது, இறக்க ஆளில்லை: என்ன வழி?

கிணத்தடியான் (உடுமலை பக்கம்):
வணக்கம். பழைய ஆயில் இன்ஜின் ஒண்ணு வாங்கியிருக்கேன். லிஸ்டர் மாடல், ராஜ்கோட் தயாரிப்பு. ஒத்தச் சிலிண்டர், 6 எச்.பி., 650 ஆர்.பி.எம்., ரெண்டு பக்கமும் பெரிய சக்கரம். இலவச கரண்ட் இருக்கறப்ப இது எதுக்குன்னு வீட்ல கேட்டாச்சு, நீங்களும் கேக்காதீங்க. கடையில கிரேன் வெச்சு ஏத்தி விட்டுட்டாங்க. இப்ப வண்டி களத்துல நிக்குது. வண்டி மச்சானோடது, நாளைக்கு ராத்திரி தக்காளி ஏத்தணும். ஊர்ல தேர் நோம்பி, ஒருத்தனும் வர மாட்டான். பாரம் தூக்கற செயின் பிளாக் கிடையாது. கையில இருக்கறது: 5 டன் பாட்டில் ஜாக்கி ஒண்ணு, கடப்பாரை, வடக்கயிறு, பழைய ஓட்டுச் சாளையைப் பிரிச்ச சட்டமும் விட்டமும் நிறைய. எடை 350 கிலோ வரும்னு கடைக்காரர் சொன்னார். பலகையைச் சாய்ச்சு வெச்சு, பைப் உருளை போட்டு இறக்கிடலாமா?

மேட்டுக்காடு:
ஜேசிபிக்கு ஒரு மணி நேர வாடகையைக் குடுங்க, சோலி முடிஞ்சுது. இடுப்பு பிடிச்சா ஆஸ்பத்திரிக்கு அதைவிட அதிகம் ஆகும்.

கிணத்தடியான்:
அதைத்தான் முதல்ல விசாரிச்சேன். களத்துக்கு வர்ற தடம் மாட்டுவண்டி அகலம்தான். ரெண்டு பக்கமும் தென்னை.

காவிரிக்கரை:
எங்க பக்கம் வாய்க்கால் கரையில வண்டியை ரிவர்ஸ்ல ஒட்டி நிறுத்திடுவோம். கரையும் வண்டித் தளமும் ஒரே மட்டத்துக்கு வந்துடும், அப்படியே தள்ளிக்கலாம். அந்த மாதிரி மேடு எதுவும் இல்லையா?

கிணத்தடியான்:
இல்லைங்க, களம் சமதளம்.

பழைய ஃபிட்டர்:
தம்பி, உருளையை மறந்துடுங்க. தளம் ரெண்டே கால் அடி உசரம்னு வெச்சுக்குவோம். 8 அடிப் பலகையைச் சாய்ச்சா, 350 கிலோவில கிட்டத்தட்ட 100 கிலோ சரிவுல கீழ இழுக்கும். கட்டை மேல கட்டை உரசுனா அந்த இழுப்பைப் பெரும்பாலும் உரசலே தாங்கிக்கும். உருளை போட்டா தாங்க ஒண்ணுமில்லை, அந்த 100 கிலோவையும் நீங்க ஒருத்தர்தான் பிடிக்கோணும். மரத்துல கயிறு சுத்தி விட்டா நிக்கும்தான். ஆனா கயிறை விடற ஆளும், பலகையில நேராப் போகுதான்னு பாக்கற ஆளும் வேற வேற. நீங்க ஒருத்தர்.

மில்லுல ராத்திரி ஷிப்ட்டுல ஆள் கம்மியா இருந்தா நாங்க பண்றது வேற. வண்டியில இருந்து இன்ஜினை இறக்க மாட்டோம். இன்ஜினுக்கு அடியில இருந்து வண்டியை எடுத்துருவோம்.

உங்க வண்டியில சைடு பலகை இறங்குமா?

கிணத்தடியான்:
மூணு பக்கமும் இறங்கும்ங்க.

பழைய ஃபிட்டர்:
அப்பச் சரி. சைடு பலகையைத் தொங்க விட்டா, பின்னாடி நாம பக்கத்துல அடுக்கப் போற சட்டத்துல தட்டும், கீல் ஊசியைத் தட்டிக் கழட்டிப் பலகையை எடுத்து வெச்சுருங்க. அந்த இன்ஜின்ல சக்கரம் அடித்தளத்தை விடக் கீழ தொங்கும், அதனால ரெண்டு கட்டை மேல பூட்டித்தான் ஏத்தியிருப்பாங்க. அந்தக் கட்டைக்குக் குறுக்கா, கடப்பாரையில நெம்பி நெம்பி, ரெண்டு விட்டத்தை உள்ள விடுங்க. வண்டியோட ரெண்டு பக்கமும் நல்லா மூணு அடி வெளிய நீட்டிட்டு நிக்கோணும். இன்ஜினை விட்டத்தோட சேர்த்துக் கட்டிருங்க. சக்கரம் சுத்தாதபடி ஆரக்கால்ல ஒரு கயிறு.

அப்பறம் ரெண்டு பக்கமும், வண்டியில இருந்து ஒரு சாண் தள்ளி, சட்டத்தைக் குறுக்கும் நெடுக்குமா அடுக்குங்க. அடுக்கோட உசரம் அதோட அடிப்பக்க அகலத்தைப் போல மூணு மடங்கைத் தாண்டக் கூடாது. உங்களுக்கு ரெண்டரை அடி உசரம் வரும், ரெண்டடிச் சதுரத்துல அடுக்குனா கவலையில்லை. ஜாக்கிக்கு அடியிலயும் தடிச்ச பலகை போடுங்க, களத்து மண்ணு ஈரமா இருந்தா புதைஞ்சுரும்.

ஒரு பக்கம் விரலளவு தூக்கி ஆப்பு வைங்க, அந்தப் பக்கம் போய் அதே அளவு தூக்குங்க. இதுல ஒண்ணைக் கவனிக்கோணும். பாரம் குறையக் குறைய வண்டி ஸ்பிரிங் எழும்பி, தளமும் இன்ஜின் கூடவே மேல வரும். எவ்வளவு தூக்கியும் விலகலையேன்னு ஜாக்கியைத் திட்டாதீங்க. தளத்துக்கும் விட்டத்துக்கும் நடுவுல கை நுழையற அளவு சந்து விழுந்த பின்னாடி, ஸ்டியரிங் நேரா இருக்கான்னு பாத்துட்டு, முதல் கியர்ல மெதுவா முன்னால எடுங்க. கையை உள்ள விட்டுப் பாக்க வேண்டாம், குச்சியை விடுங்க.

கிணத்தடியான்:
ஐயா, ஜாக்கி ஒண்ணுதான் இருக்கு. கீழ இறக்கறது எப்படி?

பழைய ஃபிட்டர்:
ஒண்ணு போதும். ஒரு முனையைத் துளி தூக்கி, மேல் வரிசைச் சட்டத்தை உருவி, இறக்குங்க. அடுத்த முனைக்குப் போங்க. ஒரு சட்டத்தோட கனத்துக்கு மேல எந்த முனையும் தாழ்ந்திருக்கக் கூடாது. அது உசரமான இன்ஜின், சாஞ்சா கயிறு நிறுத்தாது. ஜாக்கி மட்டும் தாங்கிட்டு நிக்கற நேரத்துல அடியில உடம்புல எந்தப் பாகமும் இருக்கக் கூடாது. கடைசியில கட்டை மண்ணுல புதைஞ்சா சக்கரம் மண்ணைத் தொட்டுரும், ரெண்டு சட்டத்தை அடியிலயே விட்டுருங்க.

காவிரிக்கரை:
சக்கரத்தைக் கழட்டிட்டா எடை குறையுமே? ஒவ்வொண்ணும் 60 கிலோவாவது இருக்கும்.

பழைய ஃபிட்டர்:
குறையும். ஆனா பழைய இன்ஜின்ல, சக்கரத்தைத் தண்டோட இறுக்கற சாவி துருப்பிடிச்சு ஒட்டியிருக்கும். வண்டித் தளத்துல நின்னுட்டு சம்மட்டி ஓங்கற வேலை தனி ஆளுக்கு ஆகாது. டீசலையும் ஆயிலையும் மட்டும் வடிச்சுக்கோங்க.

கிணத்தடியான்:
வண்டி கிளம்பிப் போயிருச்சுங்க ஐயா! ஸ்பிரிங் விஷயம் நீங்க சொன்ன மாதிரியேதான், தளம் கூடவே வந்துச்சு. இன்ஜின் இப்ப அடுக்கு மேல உக்காந்திருக்கு. கீழ இறக்கற வேலையை நோம்பி முடிஞ்சு பசங்க வந்ததும் வெச்சுக்கலாமா?

பழைய ஃபிட்டர்:
தாராளமா. தார்ப்பாய் போட்டு மூடி, புகைக்குழாய் வாயில துணி அடைச்சு வைங்க. குழந்தைகளைக் கிட்ட விடாதீங்க, மாட்டையும் அந்தப் பக்கம் கட்டாதீங்க. முதுகு சொறிய அந்த அடுக்கைத்தான் தேடிட்டு வரும்.