பிக்கப் வண்டியைப் பயண வீடாக்க ஆலோசனை தேவை

அனைவருக்கும் வணக்கம். கோத்தகிரியில் வசிக்கும் நானும் என் மனைவியும், இதுவரை மலைக்காய்கறி ஏற்றி மேட்டுப்பாளையத்துக்குச் சென்றுவந்த எங்கள் பிக்கப் வண்டியின் பின்புறத்தில் ஒரு சிறிய அறை அமைத்து, லடாக் வரை சென்று திரும்ப விரும்புகிறோம்.

பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் மாறும்படி வண்டியைத் திருத்துவதை 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவில் கட்டுப்படுத்துவதால், சரக்கு வண்டியை முறையாக அனுமதி பெற்று மாற்றியவர்கள் தங்கள் அனுபவத்தைத் தெரிவிக்க வேண்டுகிறேன்.

என் பெருங்கவலை ஈரம். மூடிய தகரக் கூண்டுக்குள் இருவர் உறங்கினால், மூச்சிலுள்ள நீராவி குளிர்ந்த சுவரில் துளிகளாகப் படிந்து மெத்தையின் அடியில் பூஞ்சை பிடிக்கும் (எங்கள் வீட்டுப் பீரோவிலேயே ஆடி மாதத்தில் அதுதான் நிலைமை). காற்றுப்போக்கியைக் கூரையில் வைப்பதா, பக்கவாட்டிலா? உள்ளே எரிவாயு அடுப்பு எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும் என்பதால், சமையலை வெளியிலேயே வைத்துக்கொள்ள முடிவு செய்துவிட்டோம்.

லித்தியம் அயர்ன் பாஸ்பேட் மின்கலத்தை 0 டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்யக் கூடாது. ஆகவே லடாக் குளிர் தாக்காதிருக்க அதை அறைக்குள் கட்டிலுக்கு அடியில் வைக்கலாமா? ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிச் சாலையின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் மேல்பாரம் வண்டியைச் சாய்க்காமலிருக்க, அறையின் சட்டகத்துக்கு அலுமினியம் போதுமா, இரும்பு வேண்டுமா என்பதையும் கூறுங்கள்.