டிசம்பரில் இலங்கை: திருக்கோணமலையை எப்போது வைப்பது?

பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையிலிருந்து எழுதுகிறேன். டிசம்பர் இறுதியில் கொச்சியிலிருந்து கொழும்பு சென்று, பொங்கலுக்கு முன் திரும்பும் வகையில் அம்மாவை இலங்கைக்கு அழைத்துச் செல்ல விரும்புகிறேன், வழித்தடம்தான் அமையவில்லை.

தெற்கே கதிர்காமம், வடக்கே யாழ்ப்பாணத்து நல்லூர், கிழக்குக் கரையில் திருக்கோணமலையிலுள்ள திருக்கோணேச்சரம் ஆகிய மூன்று கோயில்களும் அம்மாவின் நெடுநாள் ஆசை. அதிலும் சம்பந்தர் பாடிய கோணேச்சரப் பதிகத்தை, எழுத்து மங்கிய பழைய தேவாரப் புத்தகத்தில் விரல் வைத்து அந்தி விளக்கேற்றியதும் ஓதுபவர் என்பதால், அத்தலத்தை விட்டுவிட எனக்கு மனமில்லை. ஆனால் தெற்கிலும் மேற்கிலும் மழை குறைந்திருக்கும் அந்த நாட்களில், கிழக்குக் கரையில் வடகிழக்குப் பருவமழை வலுத்திருக்கும்.

பாலக்காட்டில் விசாரித்த பயண முகவர்கள் கண்டி, நுவரெலியா, பெந்தோட்டை என்ற ஒரே தொகுப்பையே நீட்டுகிறார்கள். நானே வரைபடத்தில் பார்த்தால், கதிர்காமமும் யாழ்ப்பாணமும் தீவின் இரு கோடிகளில் இருக்கின்றன. அம்மாவுக்கு முழங்கால் வலி இருப்பதால், சுமார் 1,200 படிகள் கொண்ட சிகிரியாவை நீக்கிவிட்டோம்.

வாடகைக் காரில் செல்பவர்கள் கதிர்காமத்தை முதலில் முடித்துத் திருக்கோணமலையைக் கடைசியில் வைப்பது நல்லதா, அல்லது பயணத்தையே மார்ச்சுக்குத் தள்ளுவது நல்லதா?