ருசித்துச் சாப்பிடுகிறார், ஆனால் எழுந்துபோய் எடுத்துக்கொள்ள மாட்டார். ஏன்?

உளவியல் மாணவி:
மனச்சோர்வில் இருப்பவர் கையில் பாயசத்தைக் கொடுத்தால் ருசித்துக் குடிக்கிறார். அடுக்களையில் இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள் என்றால் அசைவதில்லை. மூளையில் சுரக்கும் டோபமின் என்ற வேதிப்பொருள் குறைந்தால் இன்பமே தெரியாது என்கிறார்களே? ஸ்கிட்சோஃப்ரினியா என்னும் மனச்சிதைவு நோயிலும் இதே கதைதானா? வீட்டாரிடம் என்ன சொல்வது?

நரம்பியல் ஆய்வாளர்:
டோபமினுக்கும் ருசிக்கும் அவ்வளவு நேரடித் தொடர்பில்லை. அமெரிக்க நரம்பியல் ஆய்வாளர் கென்ட் பெரிட்ஜின் குழு எலிகளின் மூளையில் டோபமினை ஏறக்குறைய முழுதாக அழித்துப் பார்த்தது. அவை தானாகத் தின்னவே இல்லை. குழாய் வழியே ஊட்ட வேண்டியிருந்தது. ஆனால் வாயில் சர்க்கரைநீர் விட்டதும் வழக்கம்போல நாக்கைச் சுழற்றி நக்கின. ருசி போகவில்லை, தேடிப்போகும் உந்துதல்தான் போனது.

மனிதர்களிடம் இதை அளக்க 2009-இல் உளவியல் ஆய்வாளர் மைக்கேல் ட்ரெட்வேயின் குழு ஒரு சோதனை வகுத்தது. சுலப வேலை: ஆள்காட்டி விரலால் 7 வினாடியில் 30 முறை பொத்தானை அழுத்தினால் 1 டாலர். கடின வேலை: பழக்கமில்லாத கையின் சுண்டுவிரலால் 21 வினாடியில் 100 முறை, அதற்கு 4.30 டாலர் வரை. பணம் கிடைக்கும் வாய்ப்பு 12, 50, 88 சதவீதம் என மாறும். மனச்சோர்வு உள்ளவர்கள் கடின வேலையைக் குறைவாகவே எடுத்தார்கள். ஸ்கிட்சோஃப்ரினியாவில் பல ஆய்வுகள் காட்டுவது வேறு: வாய்ப்பும் பணமும் கூடும்போது உழைப்பைக் கூட்டுவதில்லை. எது எவ்வளவு பாடுபடத் தகும் என்ற கணக்கே பிசகுகிறது.

ஆலோசகர்:
வீட்டார் செய்யும் பெரிய பிழை, "மனசு வந்ததும் செய்" என்பது. மனசு முதலில் வராது, செய்த பிறகுதான் வரும். செயல்தூண்டல் சிகிச்சையின் அடிப்படையே இதுதான். முதல் வாரம் எதையும் மாற்றாமல், மணிவாரியாக என்ன செய்தார் என்று மட்டும் குறித்து, இன்பத்துக்கும் சாதித்த உணர்வுக்கும் 0 முதல் 10 வரை தனித்தனி மதிப்பெண் போடச் சொல்லுங்கள். பிறகு ஒரே ஒரு வேலை, நேரம் குறித்து: காலை 7 மணிக்குத் தெருமுனை வரை. "ஒரு மணி நேரம் நட" என்று தொடங்கினால் இரண்டாம் நாளே விட்டுவிடுவார், தோற்றுப்போன எண்ணமும் சேரும். கிளம்புமுன் எவ்வளவு பிடிக்கும் என்று ஓர் எண், வந்தபின் ஓர் எண். 2 என்று எழுதியது 4 ஆனால் அதை அவர் கண்ணாலேயே பார்க்கட்டும்.

மனநலச் செவிலியர்:
ஸ்கிட்சோஃப்ரினியாவில் இப்படித் தாளில் குறித்து மதிப்பெண் போடுவது மட்டும் போதாது. அந்த நேரத்து மகிழ்ச்சி பெரும்பாலும் சரியாகவே இருக்கும்; இனி வரப்போவதை நினைத்து ஆசைப்படுவதுதான் கடினம். அதனால் செருப்பை வாசலில் வையுங்கள், அலாரம் வையுங்கள், முதல் சில நாள் கூடவே கிளம்புங்கள்.

இன்னொன்று, மருந்து. மனநோய் எதிர்ப்பு மருந்துகளில் பெரும்பாலானவை மூளையில் டோபமின் வந்து ஒட்டும் 'டி2' ஏற்பிகளை அடைப்பவை. சுமார் 65 சதவீதம் அடைபட்டால் பலன். 80-ஐத் தாண்டினால் உடல் இறுக்கமும் மந்தமும் கூடும். கைவீச்சு இல்லாத நடை, உணர்ச்சியற்ற முகம், மெதுவான பேச்சு இருந்தால் அதைச் சோம்பல் என்று திட்டாதீர்கள், நோய் முற்றியது என்றும் முடிவுகட்டாதீர்கள். என்றைக்கு மருந்தளவு மாறியது, என்றைக்கு மந்தம் தொடங்கியது என்று தேதியோடு எழுதி மருத்துவரிடம் காட்டுங்கள். தானாக மருந்தை நிறுத்தினால் நோய் திரும்பும் அபாயம் பெரிது. மந்தத்துக்கு வேறு உடல் காரணம் உண்டா என்று அறிய, தைராய்டும் ஹீமோகுளோபினும் பார்த்தாயிற்றா என்றும் கேளுங்கள்.