4க்கு 6 பாத்ரூம்: எந்த வாஷ்பேசின், எந்தக் குழாய்?

நகரி வீட்டுக்காரர்:
நகரியில் சொந்த வீடு, தரைத்தளம் மட்டும். பாத்ரூம் 4க்கு 6 அடி. இப்ப இருக்கிற 22க்கு 16 இன்ச் பேசின் கதவுல இடிக்குது. எடுத்துட்டு சின்ன பேசினும் கறுப்பு கலர் சிங்கிள் லீவர் மிக்சரும் (ஒரே கைப்பிடியில வெந்நீரும் பச்சைத் தண்ணியும் கலந்து வர்ற குழாய்) போடலாம்னு எண்ணம். சுவர்ல புது டைல்ஸும் உண்டு. போர் தண்ணி, வாளியில வெள்ளையாப் படியும். டேங்க் மொட்டை மாடியில மேடை இல்லாம உட்கார்ந்திருக்கு. சுவர் நாலரை இன்ச். திருத்தணி போய் சாமான் வாங்கறதுக்கு முன்னாடி எதைப் பார்க்கணும்?

குழாய் வேலை:
சார், முதல்ல மிக்சரை விடுங்க. டேங்க்ல தண்ணி நிக்கிற மட்டத்துக்கும் குழாய் வாய்க்கும் உள்ள உயரம்தான் உங்க அழுத்தம். 10 அடிக்கு 0.3 பார் (பார்ங்கிறது அழுத்தத்தோட அளவு). தளம் 10 அடி, குழாய் 3 அடியில இருந்தா, டேங்க் ரொம்பினப்ப 11 அடி, அடியில கொஞ்சம் நிக்கும்போது 8 அடி. பல மிக்சருக்கு குறைஞ்சது 0.5 பார் வேணும்னு பெட்டியிலேயே போட்டிருக்கும். உள்ளே தண்ணியைத் திறந்து மூடற கார்ட்ரிட்ஜ் வழி குறுகல், கீழே வர்ற ரெண்டு ஹோஸும் ஒல்லி. நூல் மாதிரிதான் தண்ணி வரும். 5 அடி மேடை கட்டினாலும் கூடறது 0.15 பார், அப்பவும் தொட்டும் தொடாமலும்தான். பிரஷர் பம்ப் வைக்கிற எண்ணம் இல்லேன்னா கால் வட்டம் திருப்பினாத் திறக்கிற பில்லர் காக் (பேசின் மேல நிக்கிற, பச்சைத் தண்ணி மட்டும் வர்ற குழாய்) போடுங்க, இதே அழுத்தத்துல தாராளமா வரும். வெந்நீர் குளிக்கிற பக்கம் இருந்தாப் போதாதா?

கறுப்பும் வேண்டாம். உங்க தண்ணிக்கு ஒவ்வொரு சொட்டும் வெள்ளைப் புள்ளியா நிக்கும். குரோம் வாங்கி துணியால துடைச்சுட்டுப் போங்க. பாத்ரூம் ஆசிட் மட்டும் குழாய் மேல படவே கூடாது, மெருகு போயிடும். குழாய் வாய்ல சல்லடை மாதிரி இருக்கிற ஏரேட்டரை அப்பப்ப கழட்டி வினிகர்ல ஊறவெச்சா உப்பு விட்டுடும்.

டைல்ஸ் மேஸ்திரி:
குழாயைப் பத்தி அண்ணன் சொன்னது சரி. ஆனா பேசின்தான் முதல்ல முடிவாகணும். 16க்கு 11 இன்ச் அளவுல அட்டையை வெட்டி, தரையிலிருந்து 32 இன்ச் உயரத்துல சுவர்ல பிடிச்சு, கதவைத் திறந்து பாருங்க. பேசின் சின்னதுன்னா உயரமான குழாய் வேண்டாம், சட்டையெல்லாம் தெறிக்கும். குழாய் மூக்கு 4 இன்ச் நீட்டம் போதும்.

நாலரை இன்ச் சுவர்ல படுக்கை வாக்குல காடி வெட்ட விடாதீங்க, சுவர் பலம் போயிடும். நேர் கீழே மட்டும் வெட்டணும். வேஸ்ட் பைப்பை உள்ளே புதைக்கவே வேண்டாம், வெளியில தெரியட்டும். பேசினைச் சுவர்ல பிடிக்கிற ராக் போல்ட்டுக்கு ஓட்டை போடும்போது டைல்ஸ் தாண்டற வரைக்கும் மெஷின்ல ஹேமர் அணைஞ்சிருக்கணும்.

நகரி வீட்டுக்காரர்:
நன்றிங்க. பில்லர் காக்கே போட்டுடறேன். பழைய டைல்ஸ் மேலேயே புது டைல்ஸ் ஒட்டினா, ஆங்கிள் காக் (பேசினுக்குக் கீழே சுவர்ல இருக்கிற சின்ன வால்வு) மாட்டற புரி அரை இன்ச் உள்ளே போயிடுமே? பேசின் அடி ஓட்டையில மாட்டற வேஸ்ட் கப்ளிங்ல ஹாஃப் த்ரெட், ஃபுல் த்ரெட்னு கடையில கேக்கறாங்க, எது?

குழாய் வேலை:
அரை இன்ச் பித்தளை எக்ஸ்டென்ஷன் நிப்பிள் போட்டு வெளியே கொண்டு வாங்க. டெஃப்லான் டேப்பை புரி முறுக்கற திசையிலேயே எட்டு பத்து சுத்து. சுவர்ல இருக்கிறது பித்தளைப் புரியான்னு பாருங்க. வெறும் பிளாஸ்டிக் புரியில ஆங்கிள் காக்கை இறுக்கினா விரியும், அடுத்த ரூம் சுவர் ஓதம் காத்தப்பதான் தெரியும்.

பேசின்ல மேல ஓவர்ஃப்ளோ ஓட்டை இருந்தா ஹாஃப் த்ரெட், அதுல பக்கவாட்டுல துவாரம் இருக்கும். ஓட்டை இல்லேன்னா ஃபுல் த்ரெட். மாத்திப் போட்டா, ஓவர்ஃப்ளோ தண்ணி போக வழியில்லாம உள்ளேயே நின்னு நாறும், இல்லேன்னா நட்டு வழியா ஒழுகும். நட்டை ரப்பர் வாஷர் போட்டு கையால இறுக்கி, ஸ்பேனர்ல கால் சுத்து போதும். அதுக்கு மேல போனா பீங்கான் விரியும்.

டைல்ஸ் மேஸ்திரி:
பேசினுக்கும் சுவருக்கும் நடுவுல வெள்ளை சிமெண்ட் பூசினா கொஞ்ச நாள்ல கோடு விடும். பூஞ்சை பிடிக்காத சிலிகான் வாங்கிப் பூசி, 24 மணி நேரம் தண்ணி படாம விடுங்க.