மறு: மின்-மேக்ஸுக்குத் தமிழ்ச் சொல் – உகப்பா, வேறு ஏதாவதா?

அனைவருக்கும் வணக்கம்.

ஆட்டத்தில் வேடத்தின் புள்ளியையெல்லாம் உதவுகிற திறனிலேயே கொட்டுவதை 'மின்-மேக்ஸ்' என்கிறார்களே, அதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்று போன வாரம் நான் கேட்ட கேள்விக்கு மூன்று சொற்கள் வந்திருக்கின்றன: சிறுமப்பெருமம், பேராசைக்கட்டு, உகப்பாக்கம் (ஆப்டிமைசேஷன்). மூன்றையும் பிள்ளைகளிடம் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

புதிதாக வந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. இங்கே தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் சனிக்கிழமை தமிழ் வகுப்பு முடிந்ததும் எங்கள் சாப்பாட்டு மேசையில் நாலு பிள்ளைகள் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (டி அண்ட் டி) ஆடுகிறார்கள். ஆளுக்கொரு வேடம் எடுத்துப் பகடை உருட்டிக் கதையைக் கொண்டுபோகிற ஆட்டம் அது, கதையை நடத்துகிற டிஎம் நான்தான். தமிழிலேயே ஆடலாம் என்று ஆரம்பித்தோம், வேடத்தின் திறன்களைக் குறித்துவைக்கிற கேரக்டர் ஷீட்டையும் தமிழில் எழுதினோம். தெருக்கூத்தில் வேடம் கட்டுவது என்கிறோமே, அதை வைத்து, திறன்களுக்குப் புள்ளி பிரித்து வேடத்தை அமைக்கிற 'பில்ட்' என்பதற்கு வேடக்கட்டு என்று வைத்தேன், யாரும் விளக்கம் கேட்காமலே பிடித்துக்கொண்டார்கள். டிஎம்முக்குக் கட்டியக்காரன். 'மின்-மேக்ஸ்' என்ற இடத்தில்தான் மாட்டிக்கொண்டோம்.

சிறுமப்பெருமம் வேண்டாம் என்பது என் கருத்து. கணக்கில் மினிமேக்ஸ் என்று வேறொன்று இருக்கிறது, 1928இல் ஃபான் நாய்மன் நிறுவிய தேற்றம். எதிராளி எனக்குச் செய்யக்கூடிய அதிகபட்ச நட்டத்தை எவ்வளவு குறைக்கலாம் என்பது அதன் கேள்வி. நாம் பேசுவது வேறு, உதவாத திறனைக் குப்பையில் போட்டுவிட்டு உதவுகிற திறனில் எல்லாப் புள்ளியையும் கொட்டுவது. 2014 விதிப்புத்தகத்தில் ஆறு திறன்களுக்கும் சேர்த்து 27 புள்ளி, 8 எடுத்தால் செலவில்லை, 15 எடுத்தால் 9 புள்ளி. ஆகவே 15, 15, 15, 8, 8, 8 என்று கட்டினால் 27ம் சரியாகத் தீர்ந்துவிடும். கணக்குத் தெரிந்த பிள்ளை எவனும் முதல் நாளே இதைக் கண்டுபிடித்துவிடுவான்.

பேராசைக்கட்டு என்ற சொல்லை நான் முழுமூச்சாக எதிர்க்கிறேன், ஏன் என்று நடந்ததைச் சொன்னால் புரியும். எங்கள் மேசையில் ஒரு பையன் மேலே சொன்ன மாதிரியே ஒரு வில்லாளியைக் கட்டினான், சுறுசுறுப்பு 15, வசீகரம் 8. அவனுக்குப் பக்கத்தில் ஒரு பெண்பிள்ளை, அவள் பாடினி, புள்ளியெல்லாம் வசீகரத்தில். பாலத்தை மறித்து நிற்கிற கோப்ளின் (குட்டிப் பூதம்) தலைவனிடம் என்ன பேசுவது என்று வகுப்பில் படித்த சொற்களைச் சேர்த்து அரைப்பக்கம் நோட்டில் எழுதி வைத்திருந்தாள். "தலைவரே, உங்களுக்கு நாங்கள்..." என்று தொடங்கினாள். அவன் இருபதுமுகப் பகடையை உருட்டிவிட்டான். கோப்ளின் செத்தான். அவள் ஒன்றும் சொல்லவில்லை, நோட்டை மூடி அதன்மேல் வடைத் தட்டை வைத்தாள்.

அந்தப் பையன் பேராசைக்காரன் இல்லை. அவனுக்குக் கணக்கு பிடிக்கும், இரவெல்லாம் உட்கார்ந்து விதியைப் படித்தவன் எங்கள் மேசையில் அவன் ஒருவன்தான். அந்த உழைப்புக்கு நாம் வைக்கிற பெயரே வசவாக இருந்தால் அடுத்த வாரம் அவன் வருவானா? நம் ஊர் தன்னி சீட்டாட்டத்தில் தன்னி கூப்பிட்டவன் ஆறு கையையும் தானே எடுக்கணும், கூட்டாளி ஒரு கை எடுத்தாலும் தோல்வி. அங்கே அதுதான் ஆட்டம். டி அண்ட் டியில் அப்படி இல்லை என்று யாரும் அவனுக்குச் சொல்லவில்லை, நான் உட்பட.

அப்புறம் அவனிடம் ஒன்று மட்டும் கேட்டேன்: "இதே கணக்கை வைத்து, அவள் பேச்சு தோற்காமல் இருக்க என்ன கட்டுவாய்?" மறுவாரம் பூசாரி வேடத்தோடு வந்தான். கைடன்ஸ் என்று ஒரு சின்ன மந்திரம் இருக்கிறது, தொட்டவருடைய திறன் சோதனையில் நாலுமுகப் பகடை ஒன்றைக் கூட்டிக்கொள்ளலாம். அன்றைக்கு அவள் பேச்சு பலிக்க 15 வேண்டும், இருபதுமுகப் பகடையில் 8 விழுந்தது, அவளுடைய திறனுக்குக் கிடைக்கிற 5 சேர்த்து 13. நாலுமுகப் பகடையில் 3. மேசையில் எழுந்த சத்தத்துக்குப் பக்கத்து வீட்டு ஆயா எட்டிப் பார்த்தார்.

ஆகவே எனக்கு உகப்பாக்கம் சரி, ஆனால் அடை வேண்டும். தனக்காக மட்டும் செய்வது தனியுகப்பு, மேசைக்காகச் செய்வது கூட்டுகப்பு. உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

* * *

வணக்கம் தம்பி,

அடை கொடுத்தது நல்ல யோசனை. ஆனால் 'கூட்டுகப்பு' என்று எழுதினால் படிக்கிறவர்கள் கூட்டு, கப்பு என்று பிரித்துவிடுவார்கள், என் பேத்தி அப்படித்தான் படித்தாள். குழுவுகப்பு என்று வைத்தால் வகர உடம்படுமெய் வந்து உகப்பைத் தனியாகக் காட்டிவிடும்.

இன்னொன்றும் உண்டு. தொல்காப்பிய உரியியலில் உகப்பு என்றால் உயர்தல், உவப்பு என்றால் உவகை என்று இரண்டையும் ஒரே நூற்பாவில் அடுத்தடுத்து வைத்திருக்கிறது. ஆப்டிமைசேஷனுக்கு உகப்பு, மேசையில் எல்லாருக்கும் கிடைக்கிற மகிழ்ச்சிக்கு உவப்பு. உங்கள் ஷீட்டில் இரண்டுக்கும் இடம் இருக்கட்டும்.

* * *

அக்கா, குழுவுகப்பு என்றே எடுத்துக்கொள்கிறேன், உடம்படுமெய் எனக்குத் தோன்றவே இல்லை. உகப்பு, உவப்பு இரண்டும் காதில் ஒன்றுபோல் விழுமே என்று பயந்தேன், எழுத்தில் பார்க்கிற பிள்ளைகளுக்குச் சிக்கல் வராது என்று நினைக்கிறேன். ஷீட்டின் அடியில் இரண்டு கட்டம் போட்டுவிட்டேன்: 'உகப்பு – என் வேடம் எதில் வலிது', 'உவப்பு – இன்று யாருடைய முறைக்கு உதவினேன்'. வரும் சனிக்கிழமை அச்செடுத்துக் கொடுக்கிறேன். எதற்கெடுத்தாலும் விதியைக் காட்டி வாதாடுகிறவரை 'ரூல்ஸ் லாயர்' என்கிறார்களே, அதற்கும் ஒரு சொல் வேண்டும், அதைத் தனி இழையில் கேட்கிறேன்.