கிட்டில் (Git, புரோகிராம் கோடின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவி) ரீபேஸ் செய்து பிறர் கமிட்டை, அதாவது பதிந்த மாற்றத்தை, அழித்த அனுபவம் உண்டா?

மூன்று ஆண்டுகள் ஆகியும் உறுத்துகிறது. பில்லிங் பிராஞ்சில் (கோடின் தனிக் கிளையில்) நானும், புதிதாகச் சேர்ந்த ஒரு பெண்ணும் வேலை செய்தோம். வெள்ளிக்கிழமை மாலை மெயினின் (முதன்மைக் கிளையின்) மேல் ரீபேஸ் செய்தேன்; அதாவது பிராஞ்சின் கமிட்டுகளை அதன் நுனியில் மறுபடி அடுக்கினேன். அதைப் பொதுச் சர்வருக்கு அனுப்பும் புஷ் மறுக்கப்பட்டது. ரீபேஸுக்குப் பின் மறுப்பது வழக்கம்தானே என்று அங்கிருப்பதை மேலெழுதும் ஃபோர்ஸ் புஷ் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன். இடையில் அவர் புஷ் செய்திருந்ததைப் பார்க்கவில்லை. திங்களன்று அவர் புல் செய்து சர்வரில் இருப்பதை இறக்க, ஒரே கான்ஃப்ளிக்ட் (மாற்றங்களின் மோதல்). யாரோ சொன்னார்கள் என்று ஹார்டு ரீசெட் செய்து, தன் பிராஞ்சைச் சர்வரின் நிலைக்கே மாற்றிவிட்டு என் மேசைக்கு வந்தார். "அண்ணா, புதன்கிழமையிலிருந்து எழுதிய எதுவும் இல்லை. நான் ஏதாவது தவறு செய்துவிட்டேனா?" மதியம் அவர் கணினியின் ரெஃப்லாக்கிலிருந்து (பிராஞ்ச் முன்பு நின்ற இடங்களின் பதிவிலிருந்து) எல்லாவற்றையும் மீட்டோம். அன்றிலிருந்து எங்கள் குழுவில் ரீபேஸ் இல்லை; இரு கிளைகளை அப்படியே இணைக்கும் மெர்ஜ் மட்டும்தான்.

மறுமொழி 1

நான் அழித்தது என் வேலையையே. கான்ஃப்ளிக்டில் 'அவர்ஸ்' (ours, நம்முடையது) என்றால் என்னுடையது என்று நம்பித் தேர்ந்தெடுத்தேன். மெர்ஜில் அப்படித்தான். ரீபேஸில் நம் கமிட்டுகள் ஒவ்வொன்றாக மெயினின் மேல் வைக்கப்படுவதால் 'அவர்ஸ்' என்பது மெயின்! டாக்ஸ் கணக்கிடும் கோடு முழுவதும் பழையபடி நின்றதைப் பார்த்தபோது வயிறு கலங்கியது.

மறுமொழி 2

முதல் பதிவின் முடிவை ஏற்க மாட்டேன். மெர்ஜ் பாதுகாப்பு என்று யார் சொன்னது? நான் ஒரு மெர்ஜை ரிவர்ட் செய்து அதன் மாற்றங்களை நீக்கினேன்; பிழையைத் திருத்தி அதே பிராஞ்சை மறுபடி மெர்ஜ் செய்தால் திருத்தம் மட்டும் வந்தது, பழைய கோடு வரவில்லை. முதல் ரிவர்ட்டையே ரிவர்ட் செய்ய வேண்டும் என்று அப்போது தெரியாது.

இருவர் வேலை செய்யும் பிராஞ்சைச் சொல்லாமல் ரீபேஸ் செய்ததுதான் குற்றம். தனி பிராஞ்சில் தாராளமாகச் செய்யுங்கள். வரலாறு நேர்கோடாக இருந்தால் பைசெக்ட்டில் (கமிட்டுகளைப் பாதி பாதியாகப் பிரித்துச் சோதிப்பதில்) பிழையைத் தேடுவது எளிது. ஃபோர்ஸுக்குப் பதில் ஃபோர்ஸ்-வித்-லீஸ் கொடுங்கள். 2013இலிருந்தே கிட்டில் இருக்கிறது. நாம் கடைசியாகப் பார்த்த நிலையிலிருந்து ரிமோட் (சர்வரில் உள்ள பிரதி) மாறியிருந்தால் மறுத்துவிடும். ஆனால் எடிட்டர் பின்னணியில் தானாக ஃபெட்ச் செய்தால், ரிமோட்டின் புதிய நிலையை நாம் பார்த்ததாகவே கிட் எடுத்துக்கொள்ளும்; இந்தக் காவலும் ஏமாறும். அதை அணைத்து வையுங்கள். ரெஃப்லாக்கையும் நம்பிக்கொண்டே இருக்க முடியாது. பிராஞ்சிலிருந்து விடுபட்ட கமிட்டுகளின் பதிவு இயல்பாக 30 நாள்தான்.

முதலில் எழுதியவர்

லீஸ் எனக்கு அன்றைக்கே தெரியும். அவர் கேட்ட கணமே யார் செய்தது என்பதும் தெரியும். "நீங்கள் இல்லை, நான்தான்" என்று சொல்ல மதியம்வரை ஆனது. அதுவரை அவர் தன் கமிட்டுகளைத் தேடிக்கொண்டே, என்னிடம் இரண்டு முறை மன்னிப்புக் கேட்டார்.